பதினோராம் அத்தியாயத்தில் கறை இல்லை

நான் எழுதியதைத்தான் நீ கேட்டாயா?

ஒரு வாரமாக இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பதில் தெரியாது. கேட்க வேண்டியவள் நீ. நீ போய் நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. பதில் சொல்லக்கூடியவர் இன்னும் ஒருவர் இருக்கிறார். அவரை நான் நம்புவதில்லை.

மேசைமேல் மஞ்சள் பை இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தது. வாயைப் பிரித்தால் ஈரச் சாக்கும் வெற்றிலையும் கலந்த வாசனை வருகிறது. உள்ளே என் எட்டாவது நாவல், கடைசி அத்தியாயம் மட்டும் இல்லாமல். கூடவே சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய ஒரு சின்ன உறை. அந்த உறையை நான் இன்னும் பிரிக்கவில்லை.

தாள்களை மட்டும் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளின் வலப்பக்கக் கீழ் மூலையிலும் ஒரு கட்டைவிரல் தடம் இருக்கிறது. வெற்றிலைக் கட்டு கட்டுகிற கையின் பச்சையும் பழுப்புமான கறை. முதல் தாளிலிருந்து வரிசையாக இருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்றிலிருந்து நூற்று ஐம்பத்திரண்டு வரை மட்டும் இல்லை. அது பதினோராம் அத்தியாயம். மறுபடியும் நூற்று ஐம்பத்து மூன்றில் தொடங்கிக் கடைசி வரை போகிறது.

மற்றவர்களுக்கு இது தாளில் பட்ட அழுக்கு. எனக்கு இது தடயம். பதினான்கு வருடமாகத் துப்பறியும் நாவல் எழுதுகிறேன், என்ன செய்ய?

இந்தப் பழக்கம் உன்னிடமிருந்து வந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாய். பல்கலைக்கழக விடுதியில் நான் உளவியல், நீ கணக்கு. ஒரே அறை. நான் வாரப் பத்திரிகையில் துப்பறியும் தொடர்கதை படிக்கும்போது நீ எதிர்க் கட்டிலில் படுத்துக்கொண்டு, “சத்தமாப் படி புள்ள, கடைசிப் பக்கத்த மட்டும் மடிச்சு வெச்சுரு” என்பாய். நான் மடித்து வைப்பேன். நீ கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி நீட்டுவாய். பிறகு ஒரு பெயரைச் சொல்வாய். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

“எப்படிடீ?”

“கணக்குல மீதி வந்தா எங்கியோ ஒருத்தரு பொய் சொல்றாருன்னு அர்த்தம். எல்லாத்தையும் கழிச்சுட்டு ஆரு மீதின்னு பாரு.”

என் ஆத்தூர்ப் பேச்சைக் கேலி செய்வாய். “உங்க பக்கம் ‘என்னா’ன்னு கேட்டாலே சண்டைக்கு வர்ற மாதிரி இருக்குது புள்ள. எங்கூர்ல திட்டுனாக்கூட ஒரு ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம்.” நான் சொல்வேன், அதனால்தான் உங்கள் ஊர்க்காரர்களை நம்ப முடியாது என்று. நீ சிரிப்பாய். நான் பாதி நிஜமாகத்தான் சொன்னேன்.

நான் எழுத ஆரம்பித்தபோது நமக்குள் அந்தப் பழைய வழக்கம் திரும்பி வந்தது. நாவலை முடித்ததும் கடைசி அத்தியாயத்தை என்னிடம் நிறுத்திக்கொண்டு மற்றதை உனக்கு அனுப்புவேன். நீ படித்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் ‘மீதி’ என்று எழுதி, பக்கத்தில் குற்றவாளியின் பெயர், கீழே ஒரு வரிக் காரணம் எழுதி உறையில் போட்டு ஒட்டி அனுப்புவாய். கடைசி அத்தியாயத்தை நீ படித்து முடித்த பிறகுதான் நான் உறையைப் பிரிக்கலாம். ஏழு நாவலில் ஐந்தில் நீ சரியாகச் சொன்னாய். தவறிய இரண்டும் என் கதையின் குறை என்று சாதித்தாய். இரண்டாவது தடவை அது உண்மைதான்.

என் நாவல்களில் கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு பெண் தன் நினைவையே நம்ப முடியாமல் போவது, ஒருவன் அன்பாகப் பேசியபடியே அவள் கண் முன்னால் இருப்பதை இல்லை என்பது, இவைதான் என் சரக்கு. இப்படி எழுதுகிறவர்களுக்கு ஒரு நோய் வரும். யாராவது காப்பி கொடுத்தால், ஏன் கொடுக்கிறார்கள் என்று யோசிப்போம். கல்லூரியில் உடன் வேலை பார்க்கிறவர்கள் என் எதிரில் வீட்டுச் சண்டையைப் பேசுவதில்லை. சாதாரணமாக இருக்கிற ஒன்று சாதாரணமாகவே இருக்கலாம் என்று நினைக்கவே எனக்கு வருவதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் உன்னைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன். உன்னை என்று சொல்வது தவறு. உன்னைச் சுற்றி இருந்ததை.

முதலில் சீட்டில் கையெழுத்து மாறியது. கரும்பலகையில் எழுதிப் பழகிய உன் உருண்டை எழுத்துப் போய், கோணலும் அழுத்தமுமாக வேறு ஒன்று வந்தது. கேட்டதற்கு, “சர்க்கரை புள்ள, கை நடுங்குது” என்றாய். அந்த வருடம்தான் பள்ளிக்கூட வேலையையும் விட்டிருந்தாய். பிறகு தொலைபேசி. நான் அழைத்தால் அவர்தான் எடுப்பார். நீ பேசும்போது பின்னால் அவர் இருமுவது கேட்கும். பேச்சின் நடுவில் நிறுத்தி, “அது எந்த அத்தியாயமுங்க?” என்று அவரைக் கேட்பாய். என் நாவலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைப்பேன். பத்தாவது வரை படித்த மனிதர். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கட்டி, வாரத்தில் இரண்டு நாள் சேலம் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவர்.

அவர்தான் நமக்குத் தபால்காரரும். என் வீட்டு வாசலில் டெம்போவை நிறுத்தி, கேட்டுக்கு வெளியே நின்று பையை வாங்குவார். கேட்டுக்கு வெளியே நின்று கொடுப்பார்.

“உள்ள வாங்கண்ணா.”

“இல்லீங்க அம்மிணி. எலை காத்திருக்காதுங்க, வாடிப்போயிரும்.”

ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. இதையும் குறித்து வைத்தேன்.

அந்த நான்கு வருடத்தில் பரமத்தி வேலூருக்கு நான்கு முறை வந்தேன். ஒவ்வொரு முறையும் நீ வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நான் உள்ளே நுழைந்தால் உடனே முகம் மலராது. நான் பேசின பிறகுதான், “வாடீ, என்ன இப்படி இளைச்சுட்ட” என்பாய். காப்பி டம்ளரை எடுக்குமுன் விளிம்பை ஒரு விரலால் தடவிப் பார்ப்பாய். அவர் அறையைவிட்டு வெளியே போனால் பேச்சை நிறுத்தி அவர் காலடியைக் கவனிப்பாய். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் என் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘வந்தவரை உடனே வரவேற்கத் தயக்கம். விளிம்பைத் தடவும் விரல், பதற்றம். கணவன் இருக்கும் திசையையே கவனிக்கிறாள், பயம்.’ உளவியலில் முதுகலை படித்தவளின் குறிப்பு.

கடைசி முறை வந்தபோதுதான் மாத்திரை விவகாரம். டப்பா அவர் சட்டைப் பையில் இருந்தது. நீ, “மத்தியான மாத்திரை இன்னும் போடலீங்களே” என்றாய்.

“போட்டுட்ட சாமி.”

“எப்பங்க போட்டேன்?”

“சோத்துக்கு முன்னாடியே போட்டுட்ட. டப்பால மத்தியானக் குழி காலியா இருக்குது பாரு” என்று திறந்து உன் முகத்துக்கு நேரே நீட்டினார். நீ டப்பாவைப் பார்க்கவில்லை. அவர் குரல் வந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, “அப்பிடீங்களா?” என்றாய்.

உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன்.

எட்டாவது நாவல் அப்படித்தான் பிறந்தது. சிவநேசன் என்ற வியாபாரி, மனைவியின் மாத்திரைகளை ஒளித்துவைத்து அவளுக்கு மறதி என்று நம்பவைக்கிறான். பதினோராம் அத்தியாயம் முழுக்க அந்த மத்தியானம்தான். அவன் வாயில் வருகிற ‘போட்டுட்ட சாமி’கூட உன் வீட்டுக்காரர் சொன்னதுதான். வெற்றிலையை மாற்றி அவனுக்கு ஒரு மஞ்சள் மண்டி வைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் கற்பனை. அந்த வீட்டுக்கு அவ்வப்போது வந்து எல்லாவற்றையும் கவனித்து, கடைசியில் அவனைப் பிடிக்கிற கல்லூரி ஆசிரியை ஒருத்தியையும் வைத்தேன். நித்யா என்று பெயர். அவள் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதை அவர் கையிலேயே கொடுத்து உனக்கு அனுப்பினேன். நீ படித்தால் புரிந்துகொள்வாய், ஒரு வார்த்தை சொல்வாய், நான் வந்து உன்னை அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று திட்டம். சீட்டுக்காகக் காத்திருந்தேன். வந்தது சாவுச் செய்தி.

காலையில் நீ எழுந்திருக்கவில்லை என்றார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தது என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது உன்னை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில் அவர் எதிரே போய் நின்று கேட்டேன்: “கடைசியா அவளுக்கு மாத்திரை கொடுத்தது யாரு?”

“நாந்தானுங்க” என்றார்.

“எத்தனை?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். உன் நாத்தனார் பக்கத்தில் இருந்தவளிடம் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: “எழுதறவங்கன்னா எழவூட்லகூடக் கேள்வி கேப்பாங்களாட்ட இருக்குது.” நான் உன் காலைத் தொட்டுவிட்டு அடுத்த பேருந்தில் கிளம்பினேன்.

பிறகுதான் போன செவ்வாய். அவர் வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே நின்றார். சவரம் செய்யாத முகம். பையை நீட்டினார்.

“உங்க கதைங்க. சீட்டும் இருக்குதுங்க. போறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே ஒட்டி வெச்சுட்டா. எனக்குத்தான் கொண்டார மனசு வரல.”

வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை.

“பதினோராம் அத்தியாயத்த மட்டும் ரெண்டு தடவ படிக்கச் சொன்னாளுங்க.”

“யாரைப் படிக்கச் சொன்னா?”

“என்னைத்தானுங்க. நாலு வருசமா நாந்தானுங்களே படிச்சுக் காட்டறேன்.” என் முகத்தில் என்ன கண்டாரோ, குரலைத் தாழ்த்தினார். “அவளுக்குக் கண்ணு போயிருச்சுங்க அம்மிணி. நெழலாட்டம் தெரியும், அவ்வளவுதான். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ‘தெரிஞ்சா அவ கதைய அனுப்ப மாட்டா, பரிதாபத்த அனுப்புவா’ன்னு சொன்னா.”

வாசலைப் பார்த்த நாற்காலி, டம்ளர் விளிம்பு, காலடிச் சத்தம், முகத்துக்கு நேரே நீட்டிய டப்பா எல்லாம் நினைவுக்கு வந்தன. என் குறிப்பேட்டில் எல்லாம் இருந்தது, கண் மட்டும் இல்லை.

அவர் டெம்போவை நோக்கி இரண்டடி வைத்துத் திரும்பினார். “கடைசி அத்தியாயம் எப்பங்க குடுப்பீங்க?”

“எதுக்குண்ணா?”

“ஆருன்னு தெரியோணுமில்லீங்களா?”

அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன். நாளைக்குத்தான் அது.

உனக்கு மூன்று முழ நீளத்துக்கு மன்னிப்பு எழுதலாம். எழுதப் போவதில்லை. என் மனசு அழுது முடிப்பதற்குள் மறுபடி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. உனக்குக் கண் தெரியாது. உனக்கும் என் பக்கங்களுக்கும் நடுவில் இருந்தது அவர் குரல் மட்டும்தான். தன்னைப் பற்றி எழுதியதைத் தன் வாயாலேயே மனைவிக்குப் படித்துக் காட்ட எந்த மனிதனுக்கு மனம் வரும்? நானாக இருந்தால் தாண்டியிருப்பேன். பத்துத் தாளில் கறை இல்லை. இரண்டு தடவை படித்ததாக அவர்தான் சொல்கிறார். இரண்டு தடவை படித்த தாளில் இரண்டு தடம் அல்லவா இருக்க வேண்டும்?

இந்த உறையையும் அதனால்தான் பிரிக்க முடியவில்லை. அதில் இருப்பது நீ கேட்ட கதைக்கான விடை. நீ எந்தக் கதையைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. எழுத்தும் அவருடையது.

பதிப்பாளர் தினமும் அழைக்கிறார். கடைசி அத்தியாயம் போனால் அடுத்த மாதம் புத்தகம் வந்துவிடும். வந்தால் உன் ஊரில் யார் படித்தாலும் சிவநேசன் யாரென்று ஒரே பக்கத்தில் தெரிந்துகொள்வார்கள். எழவு வீட்டில் நான் கேட்ட கேள்வியையும் சேர்த்துக்கொள்வார்கள். அவர் மார்க்கெட்டில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது. நிறுத்திவிடலாம். ஆனால் கறை இல்லாத பத்துத் தாள் இருக்கிறதே. ஒருவேளை நான் முதலில் நினைத்ததே சரியாக இருந்தால்? கண் தெரியாத பெண்ணை ஏமாற்றுவது இன்னும் சுலபம் அல்லவா?

நீ இருந்தால் விரலை மடக்கி நீட்டுவாய். எனக்குக் கழிக்க வரவில்லை. நாளைக்கு அவர் வந்தால் கடைசி அத்தியாயத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுக்கப் போகிறேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இது சோதனைதான். ஒளிக்கவில்லை.

மறுநாள் நடந்தது இது.

பதினோரு மணிக்கு வந்தார். டெம்போ இல்லை, பேருந்தில் வந்திருந்தார். “இன்னைக்கு எலை இல்லீங்க. இதுக்குன்னுதான் வந்தேன்” என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தாள்களைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

“கண்ணாடி கொண்டாரலீங்க. நீங்களே படிங்க.”

சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். படித்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில் நித்யா மாத்திரை டப்பாவை மேசைமேல் வைத்துச் சிவநேசனைப் பார்த்து, அவனைக் குற்றவாளி என்று சுட்டும் ஒரு சொல் சொல்கிறாள். எழுதும்போது எனக்கு மிகவும் பிடித்திருந்த பக்கம். எட்டாம் பக்கம் முடிந்தபோது எதிரில் மூடிய கண்களோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். என் விரல் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பியது. பத்தாம் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

“ஒரு பக்கம் உட்டுட்டீங்க அம்மிணி.”

கண்ணைத் திறக்கவில்லை.

“ஒத்தத் தாளு சரக்குன்னு திரும்பும். ரெண்டு தாளு சேந்தா கனமா உழும். அவதான் சொல்லிக் குடுத்தா. நானும் ஒருக்கா இப்படிப் பண்ணுனேனுங்க.”

“எந்த இடத்துல?”

“பதினொண்ணுல. பத்துத் தாளையும் ஒண்ணாப் புரட்டிட்டேன். அவ உடலீங்க. ‘மறுக்கா மொதல்ல இருந்து படிங்க’ன்னுட்டா. எந்திரிச்சுப் போயி மூஞ்சி, கையெல்லாம் நல்லாக் கழுவிட்டு வந்து படிச்சேன். முடிச்சதும் இன்னொருக்கா படிக்கச் சொன்னா. மிச்சத்த மறுநாளு எலை கட்டிட்டு வந்துதான் படிச்சேன்.”

“அவ என்ன சொன்னா?”

“சிரிச்சாளுங்க. ‘மண்டிக்காரருக்கு மத்தியான மாத்திரை ஞாபகம் இருக்குதா பாருங்க’ன்னு சொன்னா.”

நான் தாளைப் பின்னால் திருப்பி ஒன்பதாம் பக்கத்தைப் படித்தேன். அந்தச் சொல்லையும் படித்தேன். அவர் கடைசி வரை கேட்டார். முடிந்ததும் எழுந்தார்.

“இதை அச்சுல போடட்டுங்களா அண்ணா?” என்றேன். ‘ங்க’ என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

“போடுங்க. அவன் மஞ்சள் மண்டிக்காரன்தானுங்களே? நான் எலைக்காரன்.” வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “சீட்டுல இருக்கறது எனக்குத் தெரியுமுங்க, நான் எழுதுனதுதானே. நீங்க தனியாப் பிரிங்க. வாரேனுங்க.”

அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து உறையைப் பிரித்தேன். காய்ந்த பருக்கை மேசைமேல் உதிர்ந்தது. கோணலும் அழுத்தமுமான எழுத்து.

‘மீதி: நித்யா. காரணம்: நாலு தடவை வந்தாள். ஒரு தடவைகூட வாயைத் திறந்து கேட்கவில்லை.’

எழுத்து அவருடையது. தீர்ப்பு உன்னுடையதுதானா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு சீட்டை மடித்துக் குறிப்பேட்டில், விளிம்பைத் தடவும் விரலைப் பற்றி எழுதிய பக்கத்தில் வைத்தேன். அங்கேயேதான் இருக்கிறது.

மாலையில் பதிப்பாளர் அழைத்தார். கடைசி அத்தியாயம் இன்னும் எழுதவில்லை என்று சொன்னேன்.